ஒரு நகரில் இருவகைப் பள்ளிகள்

கல்வியை அழியாச் செல்வம் என்பர் ஆன்றோர். பொன்னும் மணியும் கொடுத்தால் குறையும். கல்வியோ கொடுக்குந்தோறும் பெருகும். ஆயினும், அழியாத அச்செல்வத்தை இளஞ்சிறார்க்கு வழங்குவதற்கு அழியும் பொருளும் வேண்டியிருக்கின்றது. பள்ளிக்குக் கட்டடம் வேண்டும், நூலகம் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், யாவற்றினும் மேலாக, நன்கு கற்ற ஆசிரியர் வேண்டும். அவ்வாசிரியரும் ஊதியம் பெற்றே வாழ்பவர். ஆதலின், பள்ளிக்கு வேண்டும் பொருள் எங்கிருந்து வருகின்றது, அஃது எல்லாப் பள்ளிகளுக்கும் ஒப்ப வருகின்றதா என்பன ஒரு நாட்டினர் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய வினாக்களாம். இவ்வினாக்களை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எளிய தொழிலாளர் ஒருவர் எழுப்பினார். அவர் எழுப்பிய வினா அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வரலாறு நாம் அறியத்தக்கது.

அமெரிக்க நாட்டில் பள்ளிகளைப் பேணும் பொறுப்புத் தொன்றுதொட்டே ஊராரிடம் இருந்து வந்துள்ளது. 1647ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் என்னும் குடியேற்றப் பகுதியில் ஒரு சட்டம் இயற்றினர். ஐம்பது குடும்பங்கள் வாழும் ஊர் ஒவ்வொன்றும் எழுதப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை அமர்த்தல் வேண்டும் என்பதும், நூறு குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி ஒன்று நிறுவுதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கட்டளைகள். ஊரார் தம் பள்ளியைத் தாமே காத்துக்கொள்ளும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. பிற்காலத்தில் நாடு முழுவதும் பள்ளி வட்டங்கள் பல தோன்றின. ஒவ்வொரு வட்டத்திற்கும் ஆட்சிக் குழு ஒன்று உண்டு. வட்டத்தின் எல்லைக்குள் இருக்கும் வீடு, மனை, கடை, தொழிற்சாலை ஆகியவற்றை மதிப்பிட்டு, அம்மதிப்பில் நூறு டாலருக்கு இவ்வளவு என வரி விதித்துப் பள்ளிச் செலவின் ஒரு பகுதியை ஈட்டுவர். இதுவே சொத்து வரி எனப்படும்.

மேலெழுந்தவாரியாக நோக்கின் இம்முறையில் குறை ஒன்றும் தோன்றாது. தம் பிள்ளைகளின் கல்விக்குத் தாமே வரி செலுத்துதல் நேர்மையன்றோ? ஆனால், சிறிது கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு வட்டத்தில் மாணவன் ஒருவனுக்கு 1,00,000 டாலர் மதிப்புள்ள சொத்து உள்ளது என்று கொள்வோம். மற்றொரு வட்டத்தில் 10,000 டாலர் மதிப்புள்ள சொத்தே உள்ளது. இரு வட்டத்தாரும் நூறு டாலருக்கு ஒரு டாலர் வரி விதிக்கின்றனர். முதல் வட்டத்தில் மாணவன் ஒருவனுக்கு 1,000 டாலர் கிடைக்கும். இரண்டாவதில் 100 டாலரே கிடைக்கும். ஏழை வட்டத்தார் முன்னவரோடு சமமாக நிற்க விரும்பினால், பத்து மடங்கு வரி செலுத்த வேண்டும். இருவரும் ஒரே பொழுது உழைத்தாலும், வளமான வயலை உடையவன் மிகுதியாக அறுவடை செய்கின்றான். களர் நிலத்தை உடையவனோ விதைத்த விதையையும் மீட்க இயலாது வருந்துகின்றான். இம்முறையின் இயல்பும் அத்தகையதே.

இக்கணக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. டெக்சஸ் மாநிலத்தில் சான் அண்டோனியோ என்னும் பெருநகர் உள்ளது. அந்நகரும் அதன் சுற்றுப்புறமும் 1960ஆம் ஆண்டுகளில் ஏழு பள்ளி வட்டங்களாகப் பிரிந்திருந்தன. அவற்றுள் எட்ஜ்வுட் ஒன்று. அலமோ ஹைட்ஸ் மற்றொன்று. எட்ஜ்வுட் வட்டத்தில் பெரிய வணிக நிலையங்களோ தொழிற்சாலைகளோ மிகுதியாக இல்லை. எளிய மக்களின் சிறு வீடுகளே நிறைந்திருந்தன. அங்குள்ள மாணவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் மெக்சிகோ வழிவந்த குடும்பத்தினர். அலமோ ஹைட்சோ செல்வர் வாழும் பகுதி. அங்கே பெரும்பாலோர் வெள்ளையர்.

மக்கள் இவ்வாறு பிரிந்து வாழ்ந்தமைக்கு வறுமை மட்டும் காரணம் அன்று. அமெரிக்க நகரங்கள் பலவற்றில், இன்ன இனத்தார்க்கு இவ்வீட்டை விற்றலாகாது என்னும் நிபந்தனையை மனைப் பத்திரத்திலேயே எழுதி வைக்கும் தீய வழக்கம் முன்னர் இருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தருதல் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1948ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் முன்னைய பிரிவினை எளிதில் மறையவில்லை.

1967–68ஆம் பள்ளி ஆண்டில் இவ்விரு வட்டங்களின் நிலையை ஒப்பிட்டுக் காண்போம். எட்ஜ்வுட் வட்டத்தில் 25 பள்ளிகளில் ஏறத்தாழ 22,000 மாணவர் பயின்றனர். அங்கு மாணவன் ஒருவனுக்கு இருந்த சொத்து மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்சில் ஆறு பள்ளிகளில் ஏறத்தாழ 5,000 மாணவர் பயின்றனர்; மாணவன் ஒருவனுக்கு இருந்த சொத்து மதிப்போ 49,000 டாலருக்கும் மேற்பட்டது.

அங்ஙனமாயின், எட்ஜ்வுட் மக்கள் தம் பிள்ளைகளின் கல்வியில் கருத்தின்றி வரி செலுத்தாது இருந்தனரோ? இல்லை. நூறு டாலருக்கு 1 டாலர் 5 சென்ட் என்னும் விகிதத்தில் அவர்கள் வரி செலுத்தினர். அப்பெருநகர்ப் பகுதியில் அதனினும் உயர்ந்த வரி வேறு எங்கும் இல்லை. அலமோ ஹைட்சில் விதித்த வரி 85 சென்ட் மட்டுமே. மாநிலத்தின் பொதுத் திட்டத்திற்குக் கணக்கிட்ட பங்கு போக, எட்ஜ்வுட் வட்டத்தில் மாணவன் ஒருவனுக்குச் சொத்து வரியால் எஞ்சியது 26 டாலர். அலமோ ஹைட்சில் எஞ்சியது 333 டாலர். மிகுதியாக வரி கொடுத்தவர் குறைவாகப் பெற்றனர். குறைவாகக் கொடுத்தவர் மிகுதியாகப் பெற்றனர்.

மாநில அரசு இக்குறையை நிரப்பவில்லையா எனின், ஓரளவு முயன்றது எனலாம். எல்லாப் பள்ளிகளுக்கும் அடிப்படைச் செலவுக்குப் பொருள் வழங்கும் திட்டம் ஒன்றை டெக்சஸ் மாநிலம் 1949ஆம் ஆண்டில் ஏற்படுத்தியிருந்தது. ஆனால், அத்திட்டத்தின்கீழ் எட்ஜ்வுட் மாணவனுக்குக் கிடைத்தது 222 டாலர். அலமோ ஹைட்ஸ் மாணவனுக்குக் கிடைத்தது 225 டாலர். பள்ளத்தை நிரப்ப வந்த நீர் மேட்டிலும் ஒப்பப் பாய்ந்தது. இவ்வேறுபாடு பின்னர் இன்னும் வளர்ந்தது. 1970–71ஆம் ஆண்டில் மாநிலம் அளித்த தொகை எட்ஜ்வுட்டுக்கு 356 டாலராகவும் அலமோ ஹைட்சுக்கு 491 டாலராகவும் ஆயிற்று. இதன் காரணம் யாது? உயர்ந்த பட்டமும் நீண்ட அனுபவமும் பெற்ற ஆசிரியர்க்கு மிகுந்த ஊதியம் அளிக்கத் திட்டம் வகை செய்திருந்தது. அத்தகைய ஆசிரியர் செல்வம் மிக்க வட்டத்தையே நாடினர். ஆசிரியர் சென்ற இடத்திற்கு அரசின் பொருளும் சென்றது.

எட்ஜ்வுட் பள்ளிகளில் ஆசிரியர் பலர் உரிய தகுதிச் சான்று இன்றி, நெருக்கடிக் கால அனுமதி ஒன்றைப் பெற்றே கற்பித்து வந்தனர். அவர் தொகை மொத்த ஆசிரியருள் ஏறத்தாழப் பாதியாகும். கட்டடங்களும் பழுதுற்றிருந்தன. 1968ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறிக் கல்வி அலுவலகம் நோக்கி நடந்தனர். அவர்கள் கேட்டவை தகுதியுடைய ஆசிரியர்களையும் செப்பமான கட்டடத்தையுமே. படிப்பை வெறுத்து வெளியேறினார் அல்லர். படிக்க வழி வேண்டும் என்று கேட்கவே வெளியேறினர்.

மாணவரின் குரல் பெற்றோரை எழுப்பியது. அப்பெற்றோருள் ஒருவர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ். அவர் வேளாண் கூலித் தொழிலாளர் குடும்பத்தில் தோன்றியவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணியாற்றியவர். பின்னர்ச் சான் அண்டோனியோவில் இருந்த கெல்லி வானூர்தித் தளத்தில் உலோகத் தகடு வேலை செய்து வந்தார். தாம் பெறாத கல்வியைத் தம் மக்கள் பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். அம்மக்கள் பயின்ற எட்ஜ்வுட் தொடக்கப் பள்ளியின் நிலை அவர் உள்ளத்தை வருத்தியது.

பெற்றோர் ஒன்றுகூடிச் சங்கம் ஒன்று அமைத்தனர். பள்ளி அதிகாரிகள் பணத்தை முறையின்றிச் செலவிடுவதே தம் இடர்களுக்குக் காரணம் என அவர்கள் முதலில் எண்ணினர். ஆர்தர் காக்மன் என்னும் வழக்கறிஞரை நாடித் தம் குறையைக் கூறினர். அவர் வரவு செலவுகளை ஆராய்ந்து, குற்றம் அதிகாரிகளிடம் இல்லை என்றும், பள்ளிகளுக்குப் பொருள் தேடும் சட்ட முறையிலேயே உள்ளது என்றும் விளக்கினார். ஒருவரைப் பழித்துவிட்டு அமைதல் எளிது. பிழையின் வேரைக் காணுதல் அரிது. அவ்வேரைக் கண்டபின் பெற்றோர் பின்வாங்கவில்லை. அவ்வாண்டிலேயே ரோட்ரிகசும் மற்றப் பெற்றோர் சிலரும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர்.

வழக்கு மெல்ல நடந்தது. இதற்கிடையில், 1971ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் இத்தகைய மற்றொரு வழக்கில் பெற்றோர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அம்மாநிலத்தில் பால்டுவின் பார்க் என்னும் எளிய வட்டம் மாணவன் ஒருவனுக்கு 577 டாலர் செலவிட, பெவர்லி ஹில்ஸ் என்னும் செல்வ வட்டம் 1,231 டாலர் செலவிட்டு வந்தது. ஆயினும், வரி விகிதம் பால்டுவின் பார்க்கிலேயே இரு மடங்கினும் மிகுந்திருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், டெக்சஸ் வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளும், மாநிலத்தின் முறை அரசியல் அமைப்புச் சட்டத்திற்கு மாறானது என்று ஒருமுகமாக உரைத்தனர். பெற்றோர் மகிழ்ந்தனர். ஆனால், மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல் முறையீடு செய்தது.

1973ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் மாநிலத்தின் பக்கமும் நால்வர் பெற்றோரின் பக்கமும் நின்றனர். பெரும்பான்மையோரின் தீர்ப்பை எழுதியவர் லூயிஸ் பவல். அவர் முன்னர் ரிச்மண்டு நகரில் பள்ளிக் குழுவின் தலைவராக இருந்தவர். கல்வியின் பெருமையை அவர் மறுத்தாரில்லை. ஆயினும், நாட்டின் அரசியல் அமைப்புச் சட்டம் கல்வியை அடிப்படை உரிமையாகக் கூறவில்லை என்றார். பள்ளியை ஊரார் தாமே ஆளும் உரிமை காக்கத்தக்கது என்றார். செலவு மிகுந்தால் கல்வியின் தரம் மிகும் என்பது அறிஞரிடையே முடிவுபெறாத வாதம் என்றார். இக்குறைகளைக் களைய வேண்டியவர் சட்டம் இயற்றுவோரே அன்றி நீதிபதிகள் அல்லர் என்று முடித்தார்.

எதிர்த்தரப்பில் நின்ற நால்வரும் இதனை ஏற்கவில்லை. அவருள் ஒருவர் தர்குட் மார்ஷல். உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதி அவரே. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என 1954ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற தீர்ப்பு, அவர் வழக்கறிஞராக இருந்து வாதாடிப் பெற்றதாகும். குழந்தை வாழும் வட்டத்தின் சொத்து மதிப்பைக் கொண்டு அக்குழந்தையின் கல்வியை அளப்பது அறமாகாது என்பது அவர் கருத்து. பைரன் வொயிட் என்னும் மற்றொரு நீதிபதி கணக்கைக் கொண்டே மறுத்தார். அம்மாவட்டத்தில் மிகுந்த வருவாய் பெறும் வட்டத்தோடு எட்ஜ்வுட் சமமாக வேண்டுமானால், நூறு டாலருக்கு 5 டாலர் 76 சென்ட் வரி விதித்தல் வேண்டும். மாநிலச் சட்டமோ 1 டாலர் 50 சென்டுக்கு மேல் வரி விதிக்க இடம் தரவில்லை. கட்டிய கையை வைத்துக்கொண்டு, “விரும்பினால் எடுத்து உண்க” என்பதில் உரிமை எங்கே உள்ளது? ஊரார் உரிமை எனப் போற்றியது ஏழை ஊரார்க்கு வெறுஞ்சொல்லாகவே நின்றது.

ஏழைகள் மறுபடியும் தோற்றனர் என்று ரோட்ரிகஸ் வருந்தினார். ஆயினும், அவர் எழுப்பிய வினா தோற்கவில்லை. நாட்டின் சட்டத்தில் இடம் இல்லையெனின், மாநிலத்தின் சட்டத்தில் இடம் உண்டா என ஆராயத் தலைப்பட்டனர். மக்களின் உரிமைகளைக் காப்பதற்கு அறிவு எங்கும் பரவுதல் இன்றியமையாதது என்றும், ஆதலால் செம்மையான பொதுப் பள்ளி முறையை அமைத்தல் சட்டமன்றத்தின் கடமை என்றும், 1876ஆம் ஆண்டில் வகுத்த டெக்சஸ் அரசியல் அமைப்புச் சட்டம் கூறுகின்றது. இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு 1984ஆம் ஆண்டில் எட்ஜ்வுட் வட்டமும் பிறவும் மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன.

1989ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாக, அன்றிருந்த முறை மாநிலச் சட்டத்திற்கு மாறானது என்று தீர்ப்பளித்தனர். மாநிலத்திலேயே செல்வம் மிக்க வட்டத்தில் மாணவன் ஒருவனுக்கு 1 கோடியே 40 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட சொத்தும், மிக வறிய வட்டத்தில் ஏறத்தாழ 20,000 டாலர் சொத்தும் இருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினர். ஒன்றுக்கு எழுநூறு என்பது அவ்வேறுபாட்டின் அளவு. இவ்வெற்றி வருவதற்கு இருபத்தோர் ஆண்டுகள் சென்றன. அதற்குள் ரோட்ரிகசின் மக்கள் வளர்ந்து பள்ளியை விட்டு நீங்கியிருந்தனர். அவர் நட்ட மரத்தின் கனி அவர் மக்களுக்குக் கிட்டவில்லை. ஊரார் மக்களுக்குக் கிட்டியது.

தீர்ப்புக் கிடைத்தவுடன் குறை தீர்ந்துவிடவில்லை. சட்டமன்றம் இயற்றிய புதிய முறைகளை நீதிமன்றம் அடுத்தடுத்துத் தள்ளியது. இறுதியில் 1993ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. மாணவன் ஒருவனுக்கு 2,80,000 டாலருக்கு மேற்பட்ட சொத்து மதிப்புடைய வட்டங்கள், மிகுதியால் வரும் பயனைப் பிறர்க்கும் பங்கிட வேண்டும் என்பது அதன் உட்கருத்து. 1995ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதனை ஏற்றது. செல்வரிடம் கவர்ந்து ஏழைக்கு ஈந்த இராபின் ஹுட் என்னும் கதைத் தலைவனின் பெயரால் மக்கள் அச்சட்டத்தை வழங்கலாயினர்.

இம்முறையும் இடர் அற்றதன்று. தம் ஊர் வரி தம் ஊர்ப் பள்ளிக்கே பயன்பட வேண்டும் எனச் செல்வ வட்டத்தார் முறையிட்டனர். ஹூஸ்டன் நகரின் நிலை மற்றொரு சிக்கலைக் காட்டியது. அங்கே வானளாவிய வணிகக் கட்டடங்கள் பல இருப்பதனால் சொத்து மதிப்பு மிகுதி. ஆனால், அந்நகரப் பள்ளிகளில் பயில்வோருள் ஏழைக் குழந்தைகளே மிகுதி. அவ்வட்டமும் பிறர்க்குப் பொருள் வழங்க வேண்டிய நிலை வந்தது. 2016ஆம் ஆண்டில் அந்நகர வாக்காளர் அதனை மறுத்து, மறு ஆண்டில் உடன்பட்டனர். சொத்து மதிப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், செல்வரைக் காண்பதிலும் பிழை நேரும் என்பதனை இது தெளிவுறுத்துகின்றது.

பொருள் மிகுந்தால் கல்வி சிறக்குமா என்னும் பழைய வாதமும் பின்னர்த் தெளிவு பெறலாயிற்று. 2016ஆம் ஆண்டில் பொருளியல் அறிஞர் மூவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இத்தகைய சீர்திருத்தங்களின் பயனைப் பெற்ற குழந்தைகள் வளர்ந்து முதியோரான பின் அவர்தம் வாழ்க்கையை அவர்கள் ஆராய்ந்தனர். பன்னிரண்டு பள்ளி ஆண்டுகளிலும் மாணவனுக்குச் செலவிடும் தொகை நூற்றுக்குப் பத்து உயர்ந்தால், பிற்காலத்தில் அவன் பெறும் ஊதியம் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு உயர்கின்றது என்றும், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இப்பயன் இன்னும் மிகுதியாகக் காணப்படுகின்றது என்றும் கண்டனர். பொருள் ஒன்றே கல்வியாகாது. ஆனால், பொருள் இன்றிக் கல்வி தழைக்காது.

ரோட்ரிகஸ் தம் 87ஆம் வயதில், 2013ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் உயர்ந்த பட்டம் பெற்றவர் அல்லர். பதவியில் இருந்தவரும் அல்லர். தம் குழந்தை பயிலும் பள்ளி ஏன் பழுதுற்றுக் கிடக்கின்றது என்று கேட்டார். விடை கிடைக்கும் வரையில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு குழந்தை பிறக்கும்போது, தான் பிறக்கும் தெருவைத் தேர்ந்துகொள்வதில்லை. அத்தெருவில் உள்ள வீடுகள் மாடமாளிகைகளா, சிறு குடில்களா என்பது அதற்குத் தெரியாது. அறியாத அக்குழந்தையின் அறிவுக்கு அவ்வீடுகளின் விலை எல்லை வகுத்தல் முறையாகுமா? ஊர்தோறும் தம் பள்ளியைத் தாமே பேணும் ஊக்கம் வேண்டும். பேண இயலாத ஊருக்கு மற்றவர் தோள்கொடுக்கும் பெருந்தன்மையும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த நாட்டில்தான் கல்வி எல்லார்க்கும் உரிய செல்வமாகும்.

பயிற்சி

1. சொத்து வரியால் பள்ளிகளுக்குப் பொருள் ஈட்டும் முறையை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் ஆகிய இரு வட்டங்களின் நிலையை ஒப்பிட்டு எழுதுக.
3. மாநிலம் அளித்த உதவித்தொகை செல்வ வட்டத்திற்கே மிகுதியாகச் சென்றது ஏன்?
4. 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இருதரப்பு நீதிபதிகளும் கூறிய காரணங்கள் யாவை? அவற்றுள் எது உனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது? ஏன்?
5. “அவர் நட்ட மரத்தின் கனி அவர் மக்களுக்குக் கிட்டவில்லை” – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
6. பிரித்து எழுதுக: பற்றுக்கோடாக, இன்றியமையாதது, வெறுஞ்சொல், அடுத்தடுத்து.